ஆறுகால் பந்தல்

எங்கள் கல்யாணப் பந்தல் முதல் தடவை பறந்தபோது அதன் ஒரு காலைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. பண்டமாரானில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் வெள்ளை பிவிசி குழாய்களைப் பொருத்தி, மேலே நீலக் கன்வாஸை இழுத்துக் கட்டிவிட்டு, கமலநாதன் நாலடி தள்ளிப் போய் இடுப்பில் கைவைத்து நின்று தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டிருந்தார். அப்போதுதான் காற்று வந்தது. பெரிய காற்றுகூட இல்லை, காயப்போட்ட துணி ஆடும் அளவுக்குத்தான். கன்வாஸ் ஒரு மூச்சு இழுத்து உப்பியது. நான் பிடித்திருந்த கால் தரையை விட்டு எழும்பியது. விடுங்க சீதா, விடுங்க என்று அவர் கத்தினார். நான் எதையும் சுலபத்தில் விடுகிறவள் இல்லை. பந்தல் என்னை இரண்டடி இழுத்துப்போய் செம்பருத்திச் செடிக்குள் உட்கார வைத்துவிட்டு, தான் மட்டும் போய்க் காவலாளி அறையின் கூரைமேல் குப்புறப் படுத்துக்கொண்டது. ஐந்து மாடி வராந்தாவிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். மூன்றாவது மாடியில் யாரோ கைதட்டினார்கள்.

கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கமலநாதன் ஓடிவந்து என்னைத் தூக்கி நிறுத்தி, முடியில் இருந்த இலையை எடுத்துப் போட்டார். அவர் முகத்தில் கவலை கொஞ்சமும், சிரிப்பு நிறையவும் இருந்தன.

“பறக்குதுன்னா நல்லதுதான் சீதா. அவ்ளோ லைட்டா செஞ்சிருக்கேன்னு அர்த்தம்” என்றார்.

“ரிஜெக்ட்” என்றேன் நான்.

எனக்கு அது வாயில் ஊறிப்போன சொல். காப்பாரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். ரப்பர் கையுறையில் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, எங்காவது சொட்டுகிறதா என்று இரண்டு நிமிடம் உற்றுப் பார்ப்பதுதான் பிழைப்பு. சொட்டினால் அந்தப் பெட்டியே திரும்பிப் போகும். இந்தப் பழக்கம் தொழிற்சாலையோடு நிற்காது. பாசாரில் கத்தரிக்காய் வாங்கும்போதும் வரும், மாப்பிள்ளை பார்க்கும்போதும் வரும். நாற்பத்தெட்டு வயதுவரை நான் கல்யாணம் ஆகாமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று என் தங்கை மாதவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். உண்மைக் காரணம் அவளுக்கும் தெரியும்.

கமலநாதன் எங்கள் பரிசோதனை அறைக்கு ஏர்கான் பழுதுபார்க்க வந்தவர். ஐம்பத்து மூன்று வயது, மனைவி தவறி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. ஏர்கானிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று கூப்பிட்டிருந்தோம். சரிசெய்துவிட்டதாகச் சொல்லிக் கையெழுத்துக் கேட்டார். நான் ஒரு கையுறையை எடுத்து ஏர்கானுக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டு, நாளைக் காலையில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். காலையில் கட்டைவிரல் நிறைந்திருந்தது. இரண்டாம் தடவை வந்தார். சுண்டுவிரல் அளவுக்குச் சொட்டியிருந்தது. மூன்றாம் தடவை வந்து சரிசெய்தபிறகு கையுறை வறண்டு கிடந்தது. நான்காம் தடவையும் வந்தார், அன்றைக்கு ஏர்கானில் எந்தக் கோளாறும் இல்லை. கேட்டதற்கு, இந்த பத்து வருஷத்துல என் வேலையை யாரும் இவ்வளவு கவனமாப் பார்த்ததில்ல என்றார்.

நாங்கள் முடிவெடுத்துவிட்டுச் சொன்னதும் என் தம்பி தங்கைக்கெல்லாம் சந்தோஷம்தான், அதில் குறை சொல்ல முடியாது. சிக்கல் பந்தலில்தான் வந்தது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு கோவிலில் ஓர் அர்ச்சனை, மதியம் வாழையிலைச் சாப்பாடு, ரெண்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடும் என்று பெரிய தம்பி லோகன் திட்டம் போட்டுக்கொண்டு வந்தான். நான் வீட்டு வாசலில் பந்தல் வேண்டும் என்றேன். அவன் நெளிந்தான்.

“இந்த வயசுல பந்தல் எல்லாம் எதுக்குக்கா? நாலு பேர் பார்த்தா என்னா சொல்வாங்க?”

“நாலு பேர் பார்க்கணும்னுதான்டா பந்தலே போடறது” என்றேன்.

அவனுக்கு எப்படி விளங்கவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா இறந்தபோது எனக்கு இருபத்தொன்று. லோகன், மாதவி, கடைசித் தம்பி ஜீவன், மூன்று பேர் கல்யாணத்தையும் நான்தான் நின்று நடத்தினேன். மூன்று பந்தல்கள். மூன்றிலும் நான் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை. சீர்த்தட்டு வரிசை சரியா, ரசத்துக்கு உப்புப் போட்டாயிற்றா, பெரியப்பாவுக்கு நாற்காலி கிடைத்ததா என்று சுற்றிக்கொண்டே இருந்தேன். மாதவியின் கல்யாண ஆல்பத்தில் நான் ஒரே ஒரு படத்தில் இருக்கிறேன். அதுவும் முழுதாக இல்லை. மஞ்சள் தட்டை நீட்டும் ஒரு கை மட்டும் ஓரத்தில் தெரியும், வளையலை வைத்துத்தான் அது நான் என்று கண்டுபிடித்தோம். அதற்காக நான் அழுததில்லை. ஆனால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பந்தலுக்கு நடுவில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. இருபது வருட ஆசை.

வாடகைப் பந்தல் சரிப்படவில்லை. எங்கள் வாசல் கேட்டில் லோரி உள்ளே வரக்கூடாது என்று ஏழடி உயரத்தில் இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். பந்தல்காரர் லோரியோடு வந்து பார்த்துவிட்டு, கம்பியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். குடியிருப்புக் குழுவின் தலைவர் ரோஸ்லான் நல்ல மனிதர். கார் நிறுத்தும் ஆறு கட்டங்களை அன்று காலை ஆறிலிருந்து இரண்டுவரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். தாரில் ஆணி அடிக்கக்கூடாது, குழி தோண்டக்கூடாது, இரண்டு மணிக்கு இடம் பழையபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத்தில் முழங்கால் உயர மேடையில் இருக்கும் பேட்மின்டன் கோர்ட்டைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் விளையாடுகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கமலநாதன், குழாயில் செய்துவிடலாம், பிரித்து என் வேனிலேயே ஏற்றிவிடலாம் என்றார். அவருக்குக் குழாய் கிடைத்தால் கோபுரமே கட்டிவிடுவார்.

அப்படித்தான் அந்த மூன்று வாரமும் போயின. மற்றவர்கள் காதலிக்கும்போது படத்துக்குப் போவார்கள். நாங்கள் கார் நிறுத்துமிடத்தில் பந்தல் போட்டுப் போட்டுப் பிரித்தோம். இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம், ஆறு கால். பசை போட்டு ஒட்டினால் பிரிக்க முடியாது என்று ஒவ்வொரு மூட்டிலும் துளையிட்டு, கையாலேயே திருகும் காதுவைத்த நட்டுப் போட்டார். எந்தக் குழாய் எந்த மூட்டுக்கு என்று கறுப்பு மையில் எண் எழுதினார். பறந்த அன்றே பாடம் படித்துக்கொண்டதால், ஒவ்வொரு காலிலும் இருபது லிட்டர் தண்ணீர் நிறைத்த தோங் என்கிற பிளாஸ்டிக் பீப்பாய் இரண்டு கட்டினோம். ஆறு காலுக்குப் பன்னிரண்டு தோங். காற்று புகுந்தால் வெளியே போக வழி வேண்டும் என்று உச்சியில் நீளத்துக்கும் ஒரு முழம் இடைவெளி விட்டு, அதன்மேல் தனியாக ஒரு கன்வாஸ் பட்டையைத் தொப்பிபோல் போட்டார். கன்வாஸைக் கயிற்றால் கட்டாமல், பழைய மோட்டார் சைக்கிள் டியூபைப் பட்டைபட்டையாக வெட்டிக் கட்டினார். கயிறு முறைத்துக்கொண்டு நிற்கும், கன்வாஸைக் கிழித்துவிடும். ரப்பர் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் திரும்பவும் இழுத்துக்கொள்ளும் என்றார். ரப்பரைப் பற்றி என்னிடமே சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பரிசோதனை என் பொறுப்பு. காலைப் பிடித்து உலுக்கினேன். பந்தல் பக்கவாட்டில் ஆடியது, ரிஜெக்ட். அவர் நான்கு மூலையிலும் குறுக்குக் குழாய் கொடுத்தார். இரண்டாவது மாடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். கன்வாஸின் நடுவில் தண்ணீர் தேங்கித் தொப்பை விழுந்தது, ரிஜெக்ட். அவர் உச்சிக் குழாயை இரண்டடி உயர்த்தினார். மூன்றாவது வாரம் ஒரு மாலையில் நிஜமான இடிமழை வந்தபோது நாங்கள் இருவரும் பந்தலுக்குள் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். எங்கேயாவது சொட்டுகிறதா என்று நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து, பாஸ் என்று சொன்னேன். அன்று நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கே வேன் வந்துவிட்டது. கமலநாதனும் அவருடைய ஏர்கான் கூட்டாளிகள் இருவரும் எண் பார்த்துப் பொருத்தி, ஐம்பது நிமிடத்தில் பந்தலை நிறுத்திவிட்டார்கள். நீலம் தெரியாமல் உள்ளே மஞ்சள் துணி கட்டினோம். ஜெஞ்சாரோமிலிருந்து வந்த அவருடைய அக்கா நல்லம்மாள் இரண்டு வாழை மரமும், பந்தக்காலுக்கு ஒரு மூங்கிலும் கொண்டுவந்திருந்தார். பந்தக்காலை மூன்று நாள் முன்னதாக நட வேண்டும் என்பது அவர் கட்சி. பந்தலுக்கே அன்று காலைதான் அனுமதி என்றதும் தலையில் அடித்துக்கொண்டு சமாதானம் ஆனார். குழி தோண்டக்கூடாதே, அதனால் பெரிய எண்ணெய் டின்னில் மணலை நிரப்பி, நவதானியம் போட்டு, மாவிலை கட்டிய மூங்கிலை அதில் நட்டு, ஈசானிய மூலைக் காலோடு சேர்த்துக் கட்டினார்கள். ஐந்து சுமங்கலிகள் மஞ்சள் வைத்தார்கள். கட்டி முடித்ததும் நல்லம்மாள் அண்ணி எல்லாருக்கும் கேட்கும்படி, இனிமே தாலி ஏறுறவரைக்கும் இந்தப் பந்தல்ல ஒரு முடிச்சுகூட அவிழ்க்கக்கூடாது என்று சட்டம் போட்டார்.

எட்டு மணிக்கு மேற்கே வானம் கறுத்தது. கடலிலிருந்து வரும் காலை நேரத்துப் புயல்காற்று எங்களுக்குப் புதிதில்லை. மரங்களைச் சாய்த்துக்கொண்டு வந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் உருண்டன, வரவேற்பு மேசையின் சந்தனக் கிண்ணம் போன இடம் தெரியவில்லை. பந்தல் ஒரு தடவை உப்பியது. டியூப் பட்டைகள் நீண்டன, உச்சிப் பட்டை படபடத்துக் காற்றை வெளியே விட்டது, திரும்பவும் எல்லாம் தன் இடத்துக்கு வந்தன. முதல் மாடி வராந்தாவில் முழு அலங்காரத்தோடு நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. அரைமணி நேரத்தில் காற்று அடங்கி மழை மட்டும் நின்று பெய்தது. கீழே கமலநாதன் பட்டு வேட்டியோடு தலையை வெளியே நீட்டி, என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

நான் இறங்கி வந்து மணையில் உட்கார்ந்தபோதுதான் குதிகாலில் ஜில்லென்று பட்டது. கீழே பார்த்தேன். தண்ணீர். பாய் நனைந்திருந்தது. சாக்கடையிலிருந்து தண்ணீர் வெளியே போவதற்குப் பதிலாக உள்ளே வந்துகொண்டிருந்தது. ஜமுக்காளத்தின் ஓரம் மெல்ல மிதக்கத் தொடங்கியது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நல்ல நாள் என்று அமாவாசை கழிந்த மூன்றாம் நாளைத் தேடிப் பிடித்திருந்தோம், வளர்பிறை வேண்டுமே. கடல் பொங்குகிற நாளும் அதுதான். அமாவாசையை ஒட்டிக் கடல் ஏறும்போது எங்கள் பக்கத்துச் சாக்கடை மதகையெல்லாம் மூடிவிடுவார்கள், மழைத் தண்ணீருக்குப் போக்கிடம் இருக்காது. பண்டமாரானில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாங்கள் பஞ்சாங்கம் பார்த்தோம், ராகு காலம் பார்த்தோம், மேலேயிருந்து வாளி வாளியாக ஊற்றிப் பரிசோதித்தோம். கீழேயிருந்து வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை, தரப் பரிசோதனையில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டிய எனக்கும் தோன்றவில்லை.

மணி ஒன்பது ஐம்பது. பத்தரைக்குள் முகூர்த்தம். தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. குருக்கள் ஒரு கையில் குத்துவிளக்கும் மறு கையில் தேங்காய்த் தட்டுமாக நின்றார். ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். வீட்டுக்குள் போய்விடலாம், வரவேற்பறையில் சோபாவைத் தள்ளினால் இடம் வரும் என்றாள் மாதவி. லிஃப்ட் வாசலே போதும், ஐந்து நிமிட வேலை என்றான் லோகன். பதிவுதான் போன மாதமே முடிந்ததே என்றும் யாரோ சொன்னார்கள். பேட்மின்டன் கோர்ட் மேடாக இருக்கிறது, மழையில் யாரும் விளையாட வரவில்லை, அங்கே போங்கள் என்றார் ரோஸ்லான். ஆனால் கோர்ட்டுக்குக் கூரை கிடையாது. பந்தலைப் பிரித்து அங்கே கொண்டுபோய் மாட்ட ஒரு மணி நேரம் ஆகும், அதற்கும் முன்னால் நல்லம்மாள் அண்ணியைத் தாண்டிப் போக வேண்டும்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் சரி வாங்க, அப்படியே செஞ்சிடலாம் என்று சொல்கிறவள் நான். எல்லாருடைய கல்யாணத்திலும் அப்படித்தான் சொன்னேன். இந்தத் தடவை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

“நான் பந்தலுக்குள்ளதான் தாலி கட்டிக்குவேன். லிஃப்ட் கிட்டயும் வேணாம், சோபா கிட்டயும் வேணாம். முடியலன்னா இன்னொரு நாள் பார்த்துக்கலாம்.”

லோகன் என்னவோ சொல்ல வாயெடுத்தான், மாதவி அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். கமலநாதன் என்னைப் பார்க்கவில்லை. பந்தலின் மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார், பழுதான ஏர்கானைப் பார்க்கும் அதே முகத்தோடு. பிறகு குனிந்து, பட்டு வேட்டி நனைய, பக்கத்துக் காலில் இருந்த தண்ணீர் தோங்கை அவிழ்த்தார்.

“பிரிக்க வேணாம். தூக்குவோம்” என்றார்.

நல்லம்மாள் அண்ணி யோசித்தார். தண்ணீர் தோங்குகள் நாம் கட்டியவை, சாஸ்திரத்தில் சேராது, அவிழ்க்கலாம். பந்தக்கால் மண்ணை விட்டு வரக்கூடாது, டின்னோடு சேர்த்துத் தூக்கினால் தப்பில்லை என்று தீர்ப்பு வந்தது. அவ்வளவுதான், ஒரே நேரத்தில் பத்துப் பேர் தண்ணீருக்குள் இறங்கினார்கள். லோகன் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஈசானிய மூலைக்குப் போனான். மணல் டின் அங்கேதான் இருந்தது, அதுதான் கனம். ஏர்கான் கூட்டாளி ஒருவர் அவனோடு டின்னைப் பிடித்துக்கொண்டார். ஜீவன் எதிர் மூலையைப் பிடித்தான். ரோஸ்லான் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு நடுக்காலில் நின்றார். மாதவி காஞ்சிப் பட்டைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வந்து ஒரு காலைப் பிடித்ததைப் பார்த்து அவள் வீட்டுக்காரர் பதறிப்போய் அடுத்த காலைப் பிடித்தார், ஆனால் அவளும் விடவில்லை. கமலநாதன் கடைசிக் காலுக்கு ஓடினார். மாப்பிள்ளை பந்தல் தூக்குற வழக்கம் எந்த ஊர்ல இருக்கு என்று நல்லம்மாள் அண்ணி அவரைத் தோளைப் பிடித்து இழுத்து என் பக்கத்தில் நிறுத்திவிட்டார். அந்தக் காலை மற்றக் கூட்டாளி எடுத்துக்கொண்டார்.

“சத்து, டுவா, தீகா” என்று ரோஸ்லான் மலாயில் எண்ணினார். ஆறு கால்களும் தண்ணீரை விட்டு எழும்பின.

இந்தத் தடவை அது பறக்கவில்லை. தரையிலிருந்து அரையடி உயரத்தில் ஆடி, கன்வாஸின் ஓரத்திலிருந்து தண்ணீர் கொட்ட, மெதுவாக நகர்ந்தது. நாங்கள் அதற்கு நடுவில் மாலையோடு நடந்தோம். முன்னால் குருக்கள் விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு போனார், பின்னால் மேளக்காரர் குடைக்குள் இருந்து வாசிக்கத் தொடங்கினார். ஐந்து மாடி வராந்தாவிலும் ஆட்கள் நின்றார்கள். நான் என்னை அறியாமல் கத்திக்கொண்டிருந்தேன். லோகா, உன் பக்கம் தாழ்ந்திருக்கு பாரு. மாதவி, முந்தானை தண்ணில போகுது. ரோஸ்லானுக்கு முன்னால பள்ளம், யாராவது சொல்லுங்க. தாம்பாளத்தை யார் எடுத்தது, தாலி யார்கிட்ட இருக்கு?

ஜீவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு நாற்பது வயதாகப்போகிறது. மழைத் தண்ணீர் முகத்தில் வழிய, குழாயைத் தோளில் முட்டுக்கொடுத்துப் பிடித்திருந்தான்.

“அக்கா, நீ சும்மா வாக்கா. நாங்க பார்த்துக்கிறோம் லா” என்றான்.

நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு என் கைகளைப் பார்த்தேன். அவற்றில் தட்டு எதுவும் இல்லை, சாவிக்கொத்து இல்லை, எதையும் பிடிக்கவும் வேண்டியிருக்கவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அவற்றை மாலைமேல் வைத்துக்கொண்டேன். கண்ணில் நீர் வந்தது, மழைச் சாரலில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன், ஆனால் கமலநாதன் பார்த்துவிட்டார். மாலைமேல் இருந்த கைகளில் ஒன்றை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். தலைக்கு மேலே மஞ்சள் துணி குலுங்கியது, அதற்கு மேலே மழை பெய்துகொண்டிருந்தது, ஆறு கால் பக்கமும் மூச்சு வாங்கும் சத்தமும் சிரிப்பும் கேட்டன. லோகன் தப்புத்தப்பாக மேளத்துக்கு வாய்த்தாளம் போட்டுக்கொண்டு வந்தான்.

கோர்ட்டின் சரிவுப் பாதை இன்னும் ஐம்பது அறுபது அடியில் தெரிந்தது. குருக்கள் முன்னால் நின்று, சீக்கிரம் வாங்க, நேரம் இருக்கு, ஆனா ரொம்ப இல்ல என்று கை காட்டினார். எனக்கு அது கேட்டது. நான் நடையைக் கொஞ்சம் குறைத்தேன். கமலநாதனும் குறைத்தார். முதலில் ஜீவன் நின்று பார்த்தான், பிறகு லோகன், பிறகு எல்லாரும் என் காலைப் பார்த்து அடியெடுத்து வைக்கத் தொடங்க, பந்தல் முழுவதும் என்னோடு சேர்ந்து தண்ணீருக்குமேல் மெதுவாக வந்தது.